சாவி யார் கையில்? ஒரு மாதர் சங்கத்தின் கதையும் ஊவா மலைகளும்

பதுளை டவுனில் பழைய கட்டடம் எதுன்னு கேட்டால் ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருப்போம். முதியங்கன விகாரை எல்லாவற்றுக்கும் மூத்தது. அடுத்து புனித மாற்கு தேவாலயம். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் நினைவாகக் கட்டி, 1857இல் திறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேல் யானைகளைச் சுட்டவர் என்று அவருக்குப் பெயர். பிறகு எட்டு மூலை வைத்துக் கட்டிய வெலேகடைப் பழைய சந்தை. பிறகு 1924இல் திறந்த ரயில் நிலையம். மலைநாட்டு ரயில் பாதை அங்கேதான் முடிகிறது.

சாமிக்கு ஒன்று, துரைக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று என்று இருக்கிறது. பெண்கள் கூடிப் பேசுவதற்காகத் தாங்களே கட்டி, தாங்களே பூட்டித் திறந்த கட்டடம் ஒன்று? எங்கள் பட்டியலில் அப்படி ஒன்று வரவில்லை. டவுனை விட்டு ஹாலிஎல, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை என்று தோட்டங்களுக்குள் ஏறினால் இந்தக் கேள்வியே விசித்திரமாகப் படுகிறது. ஊவாத் தேயிலையின் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோன கொழுந்தைப் பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு ஏன் ஒரு அறை கூட இல்லாமல் போனது என்று தேடினால், கதை கனடாவில் ஒரு சாப்பாட்டு மேசையில் இருந்து தொடங்குகிறது. கொழும்பு வழியாக வந்து, எங்கள் மலை அடிவாரத்தில் நின்றுவிடுகிறது. அந்தக் கதையை இங்கே எழுதிவைக்கிறோம்.

துரைமாரின் கிளப்

முதலில் கிளப் என்றால் என்ன என்று பார்ப்போம். தேயிலைக்கு முன்னால் கோப்பிக் காலத்திலேயே மலைநாட்டுத் துரைமார் தங்களுக்குக் கிளப் வைத்துக்கொண்டார்கள். நுவரெலியாவின் ஹில் கிளப் 1876இல் தொடங்கியது. நீண்ட காலம் வெள்ளைக்கார ஆண்களே அதன் அங்கத்தவர்கள். இப்படி ஒவ்வொரு தோட்ட வட்டாரத்திலும் டென்னிஸ் மைதானம், பில்லியட்ஸ் மேசை, குடிக்க ஒரு பார் என்று ஒரு கட்டடம் எழுந்தது. எங்கள் ஆட்கள் உள்ளே போனார்கள்தான். குசினிக்காரனாக, அப்புவாக, பந்து பொறுக்கும் பையனாக.

அந்தக் கிளப்பில் துரைமார் விளையாட மட்டும் கூடவில்லை. கூலி எவ்வளவு, ஆள் எங்கே எடுப்பது, எந்தக் கங்காணி தொல்லை கொடுக்கிறான், அரசாங்கத்துக்கு என்ன மனு போடுவது எல்லாம் பேசத் தோதான இடம் அது. தூரத் தூரத் தோட்டங்களில் தனித்தனியாகக் கிடந்த துரைமார் ஒரு வர்க்கமாக ஒன்றுசேர அந்தக் கட்டடங்களும் உதவின. கூரை சொந்தமாக இருந்தால்தான் வேலை நேரம் முடிந்த பிறகும் உட்கார்ந்து பேசலாம். இந்தச் சின்ன விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

ஒரு சாப்பாட்டு மேசை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற பெண் இருந்தார். 1889இல் அவருடைய கைக்குழந்தை இறந்துபோனது. கெட்டுப்போன பால்தான் காரணம் என்று சொல்வார்கள். பாலை எப்படிச் சுத்தமாக வைப்பது என்று ஒரு தாய்க்கு யாரும் சொல்லித்தரவில்லையே என்ற கேள்வி அவரை விடவில்லை. விவசாயிகளான ஆண்களுக்குச் சங்கம் இருந்தது. மாட்டைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் அங்கே பேசினார்கள். பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசப் பெண்களுக்கு ஒரு சங்கம் இல்லை.

1897 பெப்ரவரி 19ஆம் திகதி ஸ்டோனி கிரீக் என்ற ஊரில் 101 பெண்கள் கூடினார்கள். விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற உலக அமைப்பின் முதல் கிளை அன்று பிறந்தது. அதன் யாப்பை எழுதியது எர்லண்ட் லீ, ஜெனட் லீ என்ற விவசாயத் தம்பதியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அந்த வீடு இன்று அருங்காட்சியகம். கனடா அதை ஒரு தேசிய வரலாற்றிடமாகக் காக்கிறது.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், அந்தப் பெண்களும் பணக்கார சீமாட்டிகள் இல்லை. பால் கறந்து, ரொட்டி சுட்டு வாழ்ந்த விவசாயக் குடும்பத்துப் பெண்கள்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வீடு அவர்கள் குடும்பத்துடையது. மேசை அவர்களுடையது. கதவைத் திறந்து நூறு பேரைக் கூப்பிட எந்தத் துரையிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

மேரி ரட்ணம் வந்த பாதை

அதே ஒன்டாரியோவில் வளர்ந்து டாக்டருக்குப் படித்தவர் மேரி அர்வின். 1896இல் அமெரிக்க மிஷனுக்காக இலங்கைக்குப் புறப்பட்டார். வருவதற்கு முன்பே எஸ்.சி.கே. ரட்ணம் என்ற இலங்கைத் தமிழரைக் கலியாணம் செய்துகொண்டார். தமிழனைக் கட்டிய வெள்ளைக்காரியை மிஷன் ஏற்கவில்லை. யாருக்கு ஊழியம் செய்ய அனுப்பினார்களோ, அவர்களில் ஒருவரோடு குடும்பம் நடத்தியது குற்றமாகிவிட்டது. மேரி ரட்ணம் திரும்பிப் போகவில்லை. 1962இல் இறக்கும் வரை இந்த நாட்டிலேயே மருத்துவம் பார்த்தார்.

அவர் தொடங்கிய சங்கங்களை வரிசையாக எழுதினால் மூச்சு முட்டும். 1904இல் இலங்கை மகளிர் சங்கம். 1909இல் தமிழ் மகளிர் சங்கம். 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1930இல், தான் பிறந்த நாட்டின் விமன்ஸ் இன்ஸ்டிட்யூட்டை மாதிரியாக வைத்து, கிராமத்துப் பெண்களுக்காக லங்கா மகிளா சமிதி. 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண்ணும் அவர்தான். 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது.

இந்த வரிசையில் எங்களுக்கு முக்கியம் மகிளா சமிதி. முந்திய சங்கங்கள் கொழும்பின் படித்த, வசதியான பெண்களை மையமாகக் கொண்டவை. சமிதிதான் நகரத்தை விட்டு இறங்கியது. கிராமத்தில் பெண்கள் கூடினார்கள். பிள்ளைக்கு என்ன சாப்பாடு கொடுப்பது, பிரசவத்தில் எதைக் கவனிப்பது, கோழி வளர்ப்பு, நெசவு, தையல், சிறு சேமிப்பு என்று கற்றார்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் மாதம் ஒருமுறை பத்துப் பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்து, தலைவி ஒருத்தியைத் தெரிவு செய்து, வரவு செலவு எழுதி, கூட்டத்தில் எழுந்து நின்று பேசுவது பெரிய பயிற்சி. அந்தப் பயிற்சி ஒருத்தரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குப் பின்னால் ஒரு உதாரணம் வருகிறது.

"அவர்களும் பெண்கள்தானே"

1927இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் போய்ப் பேசியவர்களில் ஒருவர் அக்னஸ் டி சில்வா. தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று டொனமூர் பிரபு கேட்டார். நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும்தான் கேட்கிறோம் என்ற கருத்தில் அக்னஸ் பதில் சொன்னார்.

அந்த ஒரு பதிலுக்காக அக்னஸ் டி சில்வாவின் பெயரை மலையகப் பாடப் புத்தகங்களில் சேர்க்கலாம் என்று நினைக்கிறோம். தோட்டத் தமிழருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது என்று தென்னிலங்கை அரசியல்வாதிகள் பலர் எதிர்த்துக்கொண்டிருந்த காலம் அது.

ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாக்கு என்று பரிந்துரைத்தது. கடைசியில் 1931இல் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் கிடைத்தது. ஆனால் இந்தியத் தமிழருக்கு மட்டும் நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டும் என்ற வேலியைப் போட்டார்கள். "எல்லாப் பெண்களும்" என்ற சொல் சட்டமாகும்போது சுருங்கிவிட்டது.

அதே காலத்தில் மலையில் என்ன நடந்தது? 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1929இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி வர 1984 ஆனது. ஐம்பத்தைந்து வருஷம்.

1931இல் ஹப்புத்தளை மலைமேல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் ஒரு கல் மாளிகை கட்டி முடித்தார். நாங்கள் ஸ்கூல் ட்ரிப்பில் போய்ப் பார்க்கும் அடிசம் பங்களா அதுதான். அதே மலைச் சரிவுகளில் தோட்டத்துக் குடும்பங்கள் இருந்தது முதுகோடு முதுகு ஒட்டிய லயங்களில். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. சமையல், படுக்கை, பிரசவம், சாவு எல்லாம் அதற்குள்.

சமிதி ஏன் மலை ஏறவில்லை?

மகிளா சமிதி கிராமத்துக்கென்று உருவானது. கிராமத்தில் ஒரு பெண்ணுக்குச் சிறிய வீடாவது இருந்தது. பன்சலை மண்டபம் இருந்தது, ஒரு மரத்தடியாவது பொதுவாக இருந்தது. தோட்டம் கிராமம் இல்லை. அங்கே ரோட்டு கம்பெனியுடையது, லயம் கம்பெனியுடையது, பள்ளிக்கூடம் இருந்தால் அதுவும் கம்பெனியுடையது. வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல் வழக்கு. கோ. நடேசய்யர் ஒரு சமயம் புடவை வியாபாரி வேஷம் போட்டுத்தான் தோட்டங்களுக்குள் போனார் என்று படித்திருப்பீர்கள். கொழும்பிலிருந்து ஒரு சமிதி அம்மா வந்து, "வாங்க, இன்னைக்கு நாலு மணிக்குக் கூட்டம்" என்று சொல்லும் நிலைமை அங்கே இல்லை. நாலு மணிக்கு எல்லோரும் மலையில் நிற்பார்கள்.

நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் இந்த வேலியைத் தாண்ட வேறொரு வழி கண்டார். 1930களில் தொழிலாளர் கூட்டங்களில் அவர் பாடினார். தொழிலாளர் துயரத்தையும் உரிமையையும் பாட்டாக எழுதி, துண்டுப் பிரசுரமாக அச்சிட்டுக் கொடுத்தார். பாட்டுக்குக் கட்டடம் வேண்டாம். கேட்டவர் வாயில் ஏறி லயத்துக்குள் போய்விடும். எங்கள் பெண்களின் அரசியல் வரலாற்றில் முதல் பெயர்களில் ஒன்றாக மீனாட்சி அம்மாளை வைப்பது இதனால்தான். ஆனால் பாட்டு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு உட்கார்ந்து, அடுத்து என்ன செய்வது என்று பேசுவதற்கு இடம் வேண்டும். அது இருக்கவில்லை.

எங்கள் பெண்கள் கூடிய இடங்கள்

இடமே இல்லாமலா நூறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார்கள்? இடங்கள் இருந்தன. பீலி இருந்தது. தண்ணி பிடிக்கும் நேரத்தில் யார் வீட்டில் அடி, யாருக்கு மாசம், யார் மகள் வயசுக்கு வந்தாள் என்று எல்லாச் செய்தியும் அங்கே பரிமாறின. கொழுந்து மடுவம் இருந்தது. றாத்தல் நிறுக்கக் காத்திருக்கும்போது பேச்சு நடந்தது. ஆனால் பக்கத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக் களம். அங்கே பேர் கொடுக்கவே நேரம் போதாது. கோயில் இருந்தது, திருவிழாக் கணக்கும் தலைமையும் ஆண்கள் கையில்.

பெண்களுக்கென்றே இருந்த ஒரே கூரை பிள்ளை மடுவம். மலைக்குப் போகும்போது பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டு, பால் கொடுக்க இடையில் ஓடி வருவார்கள். ஒரு பிள்ளைக்காரம்மா பார்த்துக்கொள்வார். ஒன்டாரியோவில் ஒரு தாய் பாலைப் பற்றி யோசித்து ஒரு உலகச் சங்கத்தையே தொடங்கினார். எங்கள் அம்மாயிமார் அதே பாலைப் பற்றித்தான் தினமும் பேசியிருப்பார்கள். ஆனால் பால் கொடுத்த கையோடு மறுபடி மலை ஏற வேண்டும். பத்து நிமிஷம் கூட உட்கார்ந்தால் அரைப்பேர் ஆகிவிடும். மடுவமும் வேலைக்காகக் கட்டியதுதான். தாய் கொழுந்து எடுக்க வேண்டும், அதற்காகப் பிள்ளையை யாராவது வைத்திருக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

ஊவாவில் ஒருமுறை இந்த ஒழுங்கு ஆட்டம் கண்டது. 1940 மே மாதம் பதுளைக்குப் பக்கத்தில் வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தங்களுக்குள் ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையோடு கலந்து பேசித்தான் நிர்வாகம் நடத்துவதாகத் துரை ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. அடக்க வந்த பொலிஸாரிடமிருந்து ஆயுதங்களையும் பறித்துவிட்டார்கள். பிறகு வெள்ளம் வந்து ஊவா மற்றப் பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த நேரத்தில் பொலிஸ் கடுமையாக அடித்து நொறுக்கியது. தங்கள் இடத்தைத் தாங்களே நடத்தலாம் என்று எங்கள் ஆட்கள் சில வாரமாவது செய்து காட்டிய ஊர் இது.

சங்கத்தில் வளர்ந்தவர், சங்கம் கிடைக்காதவர்கள்

முன்னால் சொன்ன உதாரணத்துக்கு வருவோம். 1940களின் தொடக்கத்தில் மகிளா சமிதியில் சேர்ந்து, கிராமம் கிராமமாகப் போய் வேலை செய்து, பொருளாளர், தலைவி என்று மேலே வந்தவர் சிறிமாவோ பண்டாரநாயக்க. அரசியலுக்கு வரும் முன்னால் அவருக்குக் கிடைத்த பொது வாழ்க்கைப் பயிற்சி பெரும்பாலும் அந்தச் சங்கம்தான். 1960 ஜூலையில் உலகத்தின் முதல் பெண் பிரதமரானார்.

1964 ஒக்டோபரில் அதே சிறிமாவோ, லால் பகதூர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் செய்தார். 1948 குடியுரிமைச் சட்டத்தாலும் 1949இன் வாக்குரிமைப் பறிப்பாலும் நாடற்றவர்களான எங்கள் ஆட்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கு. அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுக்கும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். பதுளை ஸ்டேஷனில் ஏறி, தலைமன்னாருக்குப் போய், கப்பலில் போன குடும்பங்களின் கதை எங்கள் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. அந்தக் குடும்பங்களின் பெண்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதை வைத்து சமிதியைக் குறை சொல்வது எங்கள் நோக்கமில்லை. மாதர் சங்கம் ஒரு பெண்ணைப் பிரதமராக்கும் அளவுக்குச் சக்தி உள்ளது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தச் சக்தி எங்கள் மலைக்கு வந்து சேரவில்லை. அக்னஸ் டி சில்வா டொனமூர் பிரபுவிடம் சொன்ன பதிலை நினைத்துப் பார்க்கும் ஒரு ஆள் 1964இல் அந்த மேசையில் இருந்திருந்தால், அந்த மூன்று எண்களும் வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

கூரை மாறியது, சாவி மாறவில்லை

1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளிடம் போனது. பெயர்ப்பலகை மாறிய ஒவ்வொரு முறையும் லயக் காம்பராவில் இருந்த பெண்ணுக்கு அந்தக் காம்பரா சொந்தமில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தது. மண் சரியும் இடம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். போக ஒரு சொந்த இடம் இருந்தால்தானே போக முடியும்? உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளில் இருந்தார்கள். பல குடும்பங்களைப் பிறகு மாகல்தெனியவில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் நீண்ட காலம் வைத்திருந்தார்கள். அதுவும் வேலைக்காகக் கட்டிய கூரைதான்.

இன்று பிள்ளை மடுவத்துக்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். தொழிற்சங்கங்களில் மாதர் தலைவி இருக்கிறார். கூட்டம் எங்கே என்று கேட்டால், தலைவர் வீட்டு வாசல், கோயில் திண்ணை, அல்லது "போன்ல சொல்லிருவாங்க தம்பி" என்கிறார்கள். ஆண்கள் நிற்கும் இடத்தில் குடியைப் பற்றி, அடியைப் பற்றி, கடன் கம்பெனிக்காரன் வந்து கத்தியதைப் பற்றி எந்த அக்கா வாய் திறப்பார்? சமிதி கிராமத்தில் செய்தது அதைத்தான். பேசுவதற்குப் பயப்படாத ஒரு அறையை உருவாக்கியது.

7 பேர்ச் காணி, தனி வீடு என்று சில வருஷங்களாகப் பேசுகிறார்கள். சில இடங்களில் வீடுகள் எழும்பியும் இருக்கின்றன. நல்லது. எங்கள் கோரிக்கை இன்னும் கொஞ்சம் நீளமானது. காணி உறுதியில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும். புதுக் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் வாசிகசாலை, கோயில், விளையாட்டு மைதானம் என்று இடம் ஒதுக்கும்போது பெண்களுக்கென்று ஒரு அறையும் வரைபடத்தில் ஏற வேண்டும். பெரிய மண்டபம் வேண்டாம். இருபது கதிரை, ஒரு மேசை, ஒரு அலுமாரி, உள்ளே ஒரு கூட்ட அறிக்கைப் புத்தகம் போதும். மலையிலிருந்து வந்து குளித்துச் சமைத்த பிறகு, ராத்திரி ஏழு மணிக்கும் அது திறந்திருக்க வேண்டும்.

உங்கள் தோட்டத்தில் ஏதாவது புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினால், மாலை போட்டு போட்டோ எடுக்கும் முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். காணி யார் பெயரில்? எத்தனை மணி வரை திறந்திருக்கும்? சாவி எந்த அக்கா கையில்?